நத்தைகளுக்கு வைத்த விருந்து

"…அதுவுமில்லாம, போன வருஷத்து மாலை முருகனுக்கு முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. இந்த வருஷம் ஏன் கண்ணு நெஞ்சோட நின்னு போச்சு?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழையும்போது என் காதில் விழுந்தது இந்தப் பாதிப் பேச்சுதான். முன்பாதியில் என்ன சொன்னாரோ தெரியாது.

பேசியவர் மயிலாத்தா. பேச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் என் பக்கத்து வீட்டு வள்ளியம்மா. மயிலாத்தா, வள்ளியம்மாவின் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுகிற உறவு. கந்த சஷ்டி முடிந்து மறுநாள் காலை, முருகன் திருக்கல்யாணம் பார்க்க அவிநாசிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

வள்ளியம்மாவின் இரண்டு கையிலும் ஒரு செண்டுமல்லி மாலை. மெலிசான மாலை. இரண்டு முழத்துக்கு மேல் இருக்காது. ஈரம் இன்னும் காயவில்லை. அந்தக் கசப்பும் பச்சையும் கலந்த வாசம் நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

"இந்த வருஷம் மழை ஜாஸ்திங்க நங்கையா" என்று ஒரு வார்த்தையில் வள்ளியம்மா முடித்திருக்கலாம். முடித்திருந்தால் இந்த வாரப் பத்தியில் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அவர் வாயைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் முடிக்கப்போவதில்லை, தொடங்கப்போகிறார் என்று.

அவர் சொன்னதைச் சொல்லுமுன் நத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஐந்து வீடு, ஒரு தோட்டம்

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, மண்ணரையில் நாங்கள் இருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து வீடு. நான் நாற்பது வருஷம் பனியன் துணி வெட்டும் கட்டிங் டேபிளில் நின்றவன். முழங்கால் இனி முடியாது என்ற பிறகு வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் எல்லாருக்கும் இன்னும் மாஸ்டர்தான். என் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

வள்ளியம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அந்தக் கண்ணை அவர் வீட்டுக்கு வந்தும் கழற்றி வைப்பதில்லை. போன தீபாவளிக்கு என் மகன் எடுத்துக் கொடுத்த சட்டையை நான் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, "நல்லாருக்குதுங்க மாஸ்டரே, இடது கை மட்டும் ஒரு நூல் ஏறி நிக்குது" என்றவர்.

காம்பவுண்டின் பின்பக்கம், எங்கள் சுவருக்கும் அடுத்த கம்பெனி சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான். ஐந்து வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகிறது. அதில் வள்ளியம்மா செண்டுமல்லி போடுகிறார். அந்த ஈரத்துக்குத்தான் நத்தை வருகிறது.

முதுகில் ஓடு இருக்கிற நத்தையாக இருந்தால் பார்க்கவாவது லட்சணமாக இருக்கும். இது ஓடு இல்லாத நத்தை. விரல் நீளம், பழுப்பு நிறம், தொட்டால் பசை. பகலில் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. விடிந்து பார்த்தால் நாற்றுக்குத் தண்டு மட்டும் நிற்கும், இலை இருந்த இடத்திலிருந்து மினுமினுவென்று ஒரு வெள்ளிக் கோடு சுவர் வரைக்கும் போயிருக்கும். வள்ளியம்மா அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். "அதுக வந்துட்டுப் போயிருக்குதுங்க" என்பார், கடன்காரர்களைச் சொல்வதுபோல.

மைக்கில் சொன்ன பொய்

ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம். நட்ட நாற்றில் பாதி போய்விட்டிருந்தது. வள்ளியம்மா வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மொட்டைத் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றுதானே, திரும்ப வாங்கி நடலாம் என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் வீட்டுக்காரர் பழனிசாமிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் என் கையால் வளர்த்த பூவில் திருக்கல்யாணத்துக்கு மாலை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பார்வை திரும்பிவிட்டது. பேப்பரில் கல்யாண விளம்பரம் வரைக்கும் படிக்கிறார் மனிதர். போன வருஷம் பூப் போட்டார்கள். நத்தை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. திருக்கல்யாணத்தன்று விடியற்காலம் வேறு வழியில்லாமல் பூச்சந்தைக்குப் போய்ப் பெரிய மாலையாக வாங்கி வந்தார்.

அதுவரை குற்றமில்லை. ஆனால் மாலையை வாங்கிய பூசாரி, வேண்டுதல் தெரிந்தவர், மைக்கைப் பிடித்து, வள்ளியம்மா வீட்டுத் தோட்டத்துப் பூ என்று ஊருக்கே சொல்லிவிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற நங்கையா, இத்தனை பெரிய பூவா என்று மூக்கில் விரல் வைத்தார். இவர் தலையை ஆட்டிவிட்டார்.

"ஒரு தலையாட்டுத்தானுங்க மாஸ்டரே. வேற ஒண்ணும் சொல்லல. ஆனா முருகன் கழுத்துல ஒரு பொய்யைத் தொங்கவிட்டுட்டு வந்துட்டன்."

வருஷம் முழுக்க அந்தக் கோயில் வழியாக வேலைக்குப் போகும்போது தலையைக் குனிந்தபடியே போனாராம். இந்த வருஷம் தன் பூ ஒரு முழமாவது போய்ச் சேர வேண்டும். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. உப்பைத் தூவக் கூடாது, மருந்து வைக்கக் கூடாது. முருகனுக்கு வளர்க்கிற செடிக்கடியில் உயிர் போகக் கூடாது.

அதாவது நத்தை வர வேண்டும், மாட்ட வேண்டும், ஆனால் சாகக் கூடாது. இப்படி ஓர் ஆர்டர் என் சர்வீஸிலேயே நான் எடுத்ததில்லை.

(இதையெல்லாம் எழுதலாமா என்று வள்ளியம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தாராளமாக எழுதுங்கள், பேரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன். முருகன் பெயரை மட்டும் மாற்றவில்லை.)

வரிசையில் ஒரு நல்ல மனிதன்

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் போனில் படிக்கிறேன். அன்று படுக்குமுன் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் இந்த நத்தைக்குக் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைக்கிறார்கள். அந்தப் புளிப்பு வாசத்துக்குத் தேடிக்கொண்டு வருமாம்.

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. இந்த வயதில் முதல்முறையாகச் சாராயக் கடை வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். என்னிடம் தொழில் பழகிய பையன், இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது. வரிசையில் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என் தோளைத் தொட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சனையா மாஸ்டர் என்றான். தோட்டத்து நத்தைக்கு வாங்குகிறேன் என்றேன். அவன் கண்ணில் தெரிந்த பரிதாபம் இன்னும் இரண்டு மடங்காயிற்று.

நான் பாட்டிலோடு வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. என் வீட்டம்மா வாசலிலேயே நின்றார். விளக்கம் சொல்லி முடித்து, பின்பக்கம் போனால் அங்கே வள்ளியம்மா. பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கந்தன் மாலைக்குப் பூக்கிற செடிக்கடியில் இதை ஊற்றினால் அந்தப் பூவை நான் எந்த மூஞ்சியோடு கொண்டுபோய்ச் சாத்துவது என்று கேட்டார். நியாயந்தானே. பாட்டில் போன வழி தெரியவில்லை. மறுநாள் பழனிசாமி மட்டும் நல்ல தூக்கம் தூங்கினதாகச் சொன்னார்.

சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிய கொட்டாங்குச்சி

பீர் என்றால் என்ன, புளித்த தண்ணிதானே. புளித்தது நம் வீட்டில் இல்லையா?

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பேக்கரியில் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கிவந்து சர்க்கரைத் தண்ணீரில் கரைத்தேன். வள்ளியம்மா மூன்று நாள் புளித்த இட்லி மாவில் வெல்லம் தட்டிப் போட்டார். பழனிசாமி, தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, பழைய மோர் கொண்டுவந்தார். கடைசி வீட்டில் ஒடிசாக்காரர் பிகாஷும் அவர் சம்சாரம் சுமித்ராவும் இருக்கிறார்கள். சுமித்ரா பழைய சோற்றில் ஊறிய தண்ணீரை ஒரு சொம்பு நீட்டினார். அவர்கள் ஊரில் அதைத்தான் வெயில் காலம் முழுக்கச் சாப்பிடுவார்களாம். நம் ஊர் நீராகாரந்தான் அது. இருந்தாலும் அவர் ஊர்ப் பெருமையை நான் கெடுக்கவில்லை. என் வீட்டம்மா வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கித் தந்தார், ஒருவழியாகக் கோபம் தீர்ந்து.

ஐந்து இரை. ஐந்து கொட்டாங்குச்சி. விளிம்பு மண் மட்டத்துக்கு இருக்கும்படி புதைத்தோம். எது எது என்று குழம்பாமலிருக்க, வள்ளியம்மா கம்பெனியிலிருந்து சைஸ் ஸ்டிக்கர் கொண்டுவந்து, பக்கத்தில் நட்ட குச்சியில் ஒட்டினார். எஸ் என்றால் என் ஈஸ்ட். எம் இட்லி மாவு. எல் சோற்றுத் தண்ணீர். எக்ஸெல் மோர். டபுள் எக்ஸெல் வெள்ளரிக்காய்.

அதற்கு மேல்தான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

மழை விழுந்து இரை கலங்கிவிடக் கூடாதல்லவா. ஒவ்வொரு கொட்டாங்குச்சிக்கும் மேலே கூரை வேண்டும். வேறு ஊராக இருந்தால் ஓலையோ ஓடோ வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் கை நீட்டினால் கிடைப்பது கட்டிங் வேஸ்ட். பனியன் துணித் துண்டு. எங்கள் வீடுகளில் தரை துடைப்பது, வண்டி துடைப்பது, தலையணைக்குள் அடைப்பது, குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது எல்லாம் அதுதான். நான் கத்தரி எடுத்து அளவாகச் சதுரம் சதுரமாக வெட்டினேன். வள்ளியம்மா, ஓரம் பிரியுதுங்க மாஸ்டரே என்று சொல்லி எல்லாவற்றுக்கும் ஓவர்லாக் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். உலகத்தில் எங்கேயும் நத்தைக்கு ஓவர்லாக் அடித்த கூரை போட்டிருக்க மாட்டார்கள்.

கூரை ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா என்று பேச்சு வந்தது. நான் யோசிக்காமல் இரண்டு என்றேன். தொழில் பழகின காலத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய மாஸ்டர் ஒற்றையாகத் துணி விரித்தால் கோபப்படுவார். அடித்துணி டேபிள் அழுக்கைச் சாப்பிடட்டும், மேல்துணிதான் நமக்கு என்பார். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. என் கை இன்னும் இரண்டாகத்தான் விரிக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க நனைத்து, பிழிந்து, கொட்டாங்குச்சியைச் சுற்றி மண்ணோடு படியப் போட்டேன். படிந்த அழகைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

தினம் ஒரு ஜெயிப்பு

மறுநாள் வெடியால ஐந்து வீடும் பின்பக்கம் நின்றது. பல் விளக்கின பிரஷ் வாயில் இருக்க, பழனிசாமிதான் ஒவ்வொரு துணியாகத் தூக்கினார். எம்மில் பதினொன்று. இட்லி மாவு ஜெயித்துவிட்டது. வள்ளியம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அதற்கு மறுநாள் மோர். பழனிசாமி அன்று வேலைக்கே லேட்டாகப் போனார், தெருவில் ஆள் ஆளாக நிறுத்திச் சொல்லிக்கொண்டு. அடுத்த நாள் வெள்ளரிக்காய். அப்புறம் சோற்றுத் தண்ணீர். என் ஈஸ்ட் ஒரே ஒரு நாள் முதலில் வந்தது, அன்றைக்கு என் வீட்டம்மா கோயம்புத்தூர் போயிருந்தார், பார்க்க ஆள் இல்லை.

சண்டையும் வந்தது. மாவில் இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டால் என்ன, மோரில் பெருங்காயம் போட்டது யார், நேற்று ராத்திரி என் கொட்டாங்குச்சியைக் குழாய்ப் பக்கம் நகர்த்தி வைத்தது யார் என்று. வள்ளியம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுமித்ரா சோற்றுத் தண்ணீரில் வேறு ஏதோ கலக்கிறாள் என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். விசாரித்தால் அந்தப் பெண் கொஞ்சம் எலுமிச்சை இலை கசக்கிப் போட்டிருக்கிறார். வாசத்துக்காம்.

பிடித்ததையெல்லாம் பழைய பெயிண்ட் வாளியில் போட்டு மூடி, நான் காலை நடைக்குப் போகும்போது நொய்யல் கரைப் புதரில் விட்டு வருவேன். வாளியில் என்ன என்று வழியில் கேட்பார்கள். வீட்டுக்கு ஒரம்பரை வந்திருந்தார்கள், வழியனுப்பப் போகிறேன் என்பேன். நான் திரும்பி வந்ததும் வள்ளியம்மா கேட்கிற முதல் கேள்வி, பாலத்துக்கு அக்கட்டதானே விட்டீர்கள், இந்தப் பக்கம் இல்லையே என்பதுதான்.

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் புரட்டாசி போய்க்கொண்டிருந்தது. நத்தையும் குறையவில்லை. ஒருநாள் காலை எண்ணிப் பார்த்தபோது செடி இருபத்திரண்டுதான் மிச்சம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வள்ளியம்மா செடிகளை இரண்டாம் தடவை எண்ணினார். பிறகு, இந்த வருஷமும் சந்தைக்குத்தான் போகணும்போல என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். மைக்கைக் கையில் வாங்கி, இது என் பூ இல்லை என்று நானே சொல்லிவிட்டு வருகிறேன், அதுக்காவது தைரியம் வருதா பார்க்கிறேன் என்றார்.

சாயம் போடாத துணி

பிகாஷ் முப்பது வயசுக்காரர். சாயப் பட்டறையில் லேப் வேலை. அதுவரை எங்கள் போட்டியில் அவர் வாயைத் திறந்ததில்லை. சம்சாரம் ஒரு கட்சி, தான் ஒன்றும் பேசாமலிருப்பது நல்லது என்று இருந்திருக்கிறார். அன்று வள்ளியம்மா சொன்னதைக் கேட்டதும் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அங்கிள், லேப்ல நாங்க ஒரு துணிக்கு எல்லாம் போடுவோம். உப்பு, சோடா, தண்ணி, சூடு எல்லாம். சாயம் மட்டும் போட மாட்டோம். அதைப் பக்கத்துல வெச்சுத்தான் மத்ததைப் பாப்போம். உங்ககிட்ட அந்தத் துணி எங்கே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. இரை எதுவும் போடாமல் வெறும் கொட்டாங்குச்சி ஒன்று வைத்தீர்களா என்று கேட்கிறார். வெறும் கொட்டாங்குச்சிக்கு எந்த நத்தை வரும் என்று நான் சிரித்தேன். வராதென்று தெரிந்துகொள்ளவாவது வையுங்கள் அங்கிள் என்றார். நத்தைக்கு ஒன்றும் அவசரமில்லை, ஆனால் அது டெலிவரி தேதி தவறுவதில்லை, நமக்குத்தான் தேதி நெருங்குகிறது என்றும் சொன்னார். தமிழ் வந்து நாலு வருஷந்தான் ஆகிறது அவருக்கு.

அன்று பொழுதோட, வெளிச்சம் மங்குமுன், ஆறாவது கொட்டாங்குச்சி. அதற்கு ஒட்ட ஸ்டிக்கர் இல்லை. உள்ளே ஒன்றுமில்லை. மேலே அதே ஓவர்லாக் அடித்த, நனைத்த, இரண்டு அடுக்குத் துணி. இன்னொன்றும் பிகாஷ் செய்தார். இட்லி மாவுக்கு மட்டும் கூரையை எடுத்துவிட்டார். வள்ளியம்மா தடுத்துப் பார்த்தார், முடியவில்லை.

காலையில் பழனிசாமி வாயில் பிரஷ்ஷோடு குனிந்தார். கூரையில்லாத இட்லி மாவில் இரண்டே இரண்டு. பிறகு அந்தப் பேர் வைக்காத ஆறாவது துணியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பேஸ்ட் நுரை மோவாயில் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

துணிக்கடியில் இருபத்து மூன்று. கொட்டாங்குச்சிக்குள் ஒன்றுகூட இல்லை. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில், மெத்தையில் படுத்த மாதிரி வரிசையாக.

மற்றத் துணிகளையும் விரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே கதைதான். ஒன்றிரண்டு இரைக்குள், மிச்சமெல்லாம் துணிக்குள். அத்தனை நாளும் நாங்கள் துணியைத் தூக்கி உதறி, விழுந்ததையெல்லாம் மொத்தமாக எண்ணியிருக்கிறோம். அதுகள் எங்கள் மாவுக்கோ மோருக்கோ வரவில்லை. விடிந்தால் வெயிலுக்கு ஒளிய ஈரமான இடம் தேடி வந்திருக்கின்றன. நாற்பது வருஷம் துணி விரித்தவன் கையால், சுருக்கம் இல்லாமல், இரண்டு அடுக்காக, ஓரம் தைத்து, படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறேன். எந்தத் துணியில் ஈரம் அதிகம் நின்றதோ அன்றைக்கு அந்த இரை ஜெயித்திருக்கிறது. மோர் ஜெயித்த அன்று, பழனிசாமி முகம் கழுவின தண்ணீரை அங்கேதான் கொட்டினாராம். தானே ஒத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது சுமித்ரா. பிறகு எல்லாரும். வள்ளியம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெல்லம் வேறு வாங்கிப் போட்டோமே என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஐந்து வீட்டிலும் இருந்த வேஸ்ட் துணி மொத்தமும் தோட்டத்துக்கு வந்தது. செடிகளுக்கு நடுவில் ஈரம் சொட்டச் சொட்ட விரித்தோம். சிவப்பு, நீலம், எந்த நாட்டுக்கோ போன ஆர்டரில் மிஞ்சின கோடு போட்ட துணி எல்லாம். தினமும் விடியலில் துணியை எடுப்பது, வாளியில் உதறுவது, பாலத்துக்கு அக்கட்ட கொண்டுபோய் விடுவது. பத்து நாளில் வாளியின் அடி தெரிய ஆரம்பித்தது. இருபத்திரண்டு செடியில் ஒன்றுகூட அதற்கப்புறம் போகவில்லை. ஐப்பசி பிறந்து முதல் மொட்டு மஞ்சள் காட்டிய அன்று வள்ளியம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கூட்டிப்போய்க் காட்டினார்.

நெஞ்சோடு நின்ற மாலை

இனிக் கோயிலுக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு செடியில் எவ்வளவு பூ வரும்? விடியலில் பறித்து வாசலில் உட்கார்ந்து கட்டி முடித்தபோது இரண்டு முழம். பக்கத்தில் கொஞ்சம் அரளி வைத்து நீட்டலாமா என்று என் வீட்டம்மா கேட்டார். வேண்டாங்க, வந்தது வந்தபடி போகட்டும் என்றுவிட்டார் வள்ளியம்மா.

அதைத்தான் நங்கையா பார்த்துவிட்டு, நெஞ்சோடு நின்று போச்சே என்று கேட்டது. கேட்டது மெதுவாகவும் இல்லை. பந்தலில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். பூசாரி மைக்கும் கையுமாகக் கிட்ட வந்துவிட்டார்.

வள்ளியம்மா அவரைப் பார்த்துத்தான் சொன்னார், நங்கையாவுக்கும் சேர்த்து.

"போன வருஷத்தது சந்தைப் பூவுங்க சாமி. என்ற தோட்டத்துல ஒண்ணும் மிஞ்சல. நீங்க என்ற பூவுன்னு சொன்னப்ப நானும் தலையாட்டிட்டன். இதுதானுங்க என்ற பூவு. ஈரத்துணி விரிச்சு விரிச்சு, நத்தை பொறுக்கிப் பொறுக்கி, இவ்வளவுதான் வந்துச்சு."

பூசாரி மைக்கை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி மாலையை வாங்கினார். உள்ளே போய் முருகன் கழுத்தில் போட்டார். நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. வேல் பிடித்த கை முழுக்கத் தெரிந்தது. வள்ளியம்மா கோயிலுக்குள் நிமிர்ந்து பார்த்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பழனிசாமி கண்ணைத் துடைத்தார். ஆபரேஷன் செய்த கண்ணை அப்படித் தேய்க்காதீங்க என்று வள்ளியம்மா அதட்டினார்.

அடுத்தது தெய்வானைக்கு மாலை. அது வருஷா வருஷம் மயிலாத்தா கொண்டுவருவது. அவிநாசிபாளையத்தில் கிணற்று மேட்டில் அவருக்கும் பூந்தோட்டம் உண்டு. பையிலிருந்து அவர் எடுத்த மாலை மூன்று பேர் கைக்கு இருந்தது. எனக்குப் பின்னால் யாரோ, பூன்னா இது பூ என்றார்கள்.

நான் மட்டும் மாலையின் முடிச்சைப் பார்த்தேன். தொழில் புத்தி, முதலில் நூலைத்தான் பார்க்கும். எங்கள் சனங்கள் வீட்டில் பூக் கட்டினால் மிஞ்சிய ஓவர்லாக் நூலில்தான் கட்டுவார்கள், நார் தேடிப் போகிறவர் யாருமில்லை. வள்ளியம்மாவின் மாலை அப்படித்தான் இருந்தது, பச்சை நூலில். மயிலாத்தா மாலையில் இருந்தது வாழை நார். பூச்சந்தையில் கட்டுகிற கட்டு.

பூசாரி மைக்கை வாயருகில் கொண்டுபோனார். அடுத்தபடியாகத் தெய்வானைக்கு, மயிலாத்தா அம்மா தோட்டத்து, என்று ஆரம்பித்தார்.

மயிலாத்தா சட்டென்று எட்டி மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடினார். பந்தல் முழுக்கக் கரகரவென்று ஒரு சத்தம். பூசாரி காதில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். பூசாரி தலையசைத்துவிட்டு, மயிலாத்தா அம்மா உபயம் என்று மட்டும் சொல்லி மாலையை வாங்கிக்கொண்டார்.

வெறுங்கையோடு திரும்பிய மயிலாத்தா நேராக வந்து வள்ளியம்மா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கெட்டிமேளம் தொடங்கும் வரை காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள், வள்ளியம்மாவின் காதோரம் குனிந்து, அந்த ஈரத்துணியைப் பொழுதோட எத்தனை மணிக்கு விரிக்க வேண்டும் என்று கேட்டார்.